பட்டினி மனதை என்ன செய்யும்: ஒரு சித்தியின் கேள்விக்குப் பதில்

அக்கா மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 17 வயது, பிளஸ் டூ. ஓராண்டாகச் சாப்பாடு குறைந்துகொண்டே வந்து, இப்போது மதியச் சோறு அறவே நின்றுவிட்டது. மாதவிலக்கு நின்று ஐந்து மாதமாகிறது. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் கோளாறு இல்லை. ஒரு மருத்துவர் "மனச்சோர்வு, அதைச் சரிசெய்தால் சாப்பாடு தானாக வரும்" என்கிறார். பாட்டி பிடிவாதம் என்கிறார். "இது மனநோயா, வயிற்று நோயா? எதிலிருந்து எது வந்தது? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?" என்பது உங்கள் கேள்வி.

ஆராய்ச்சியைப் பிறகு பேசலாம். ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை என்றால், வரவு குறைந்த வீடு செலவைச் சுருக்குவதுபோல உடல் சுருக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கர்ப்பம், ஹார்மோன் கோளாறு போன்ற வேறு காரணங்களையும் மருத்துவர் பார்த்து விலக்க வேண்டும். இந்த வாரமே ஒரு பொதுமருத்துவரிடமோ குழந்தைநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஓர் ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் வீங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ, "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, வாரக்கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். கடன் வாங்கிக் கணக்கை நேர்செய்யும் கடைக்காரரைப் போல, உடல் கடைசி நாள் வரைகூடப் பேரேட்டைச் சரியாகவே காட்டக்கூடும்.

இன்னொன்று. இந்தப் பதிலில் எடை, கலோரி பற்றிய எண்களை எழுதப்போவதில்லை. அவள் நிலை அனோரெக்சியா என்ற, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடல் மெலியும் உணவுக் கோளாறு போலத் தெரிகிறது. இந்த நோய் உள்ளவர்கள் அவற்றைத் தேடித் தேடிப் படித்துத் தங்களுக்கு இலக்காக வைத்துக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கண்ணில் இது படலாம்.

எதிலிருந்து எது வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு இன்றுவரை கிடைத்த மிகத் தெளிவான வெளிச்சம், இந்த நோயைப் பற்றியே அல்லாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. 1944 நவம்பர், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம். கால்பந்து மைதானத்தின் இருக்கை வரிசைகளுக்குக் கீழே ஓர் ஆய்வகம். ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாய். பட்டினியால் வற்றிப்போன மக்களுக்கு எப்படி, எவ்வளவு, எந்த வேகத்தில் உணவு கொடுத்து மீட்பது என்று யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியவில்லை. ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனசாட்சிக்கு விரோதமாகத் துப்பாக்கி ஏந்த மாட்டோம் என்றவர்கள் அவர்கள். கொல்வதற்குப் பதில் பட்டினி கிடந்து உதவுகிறோம் என்று முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய பாதி. போர்க்கால ஐரோப்பாவில் கிடைத்திருக்கக்கூடிய உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி போன்றவைதான். வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

உடல் இளைத்ததில் வியப்பில்லை. மனம் போன போக்குதான் யாரும் எதிர்பாராதது. சமையலில் அக்கறையே இல்லாதிருந்த ஆண்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். இரவில் விழித்திருந்து செய்முறைகளைப் படித்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தை இரண்டு மணி நேரம் வைத்துப் பிசைந்து, தண்ணீர் சேர்த்துப் பெருக்கி, தட்டையும் நக்கினார்கள். காப்பியும் சூயிங் கமும் அளவில்லாமல் போயின. கோடையிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார்கள். நண்பர்களைத் தவிர்த்தார்கள், சிரிப்பு போயிற்று, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். பெண்கள் மீதான நாட்டம் போன இடம் தெரியவில்லை. "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்" என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பத்துக்குள் காமமும் ஒன்று என்பது பலருக்கு நினைவிருக்காது. மினசோட்டாவில் அது வரிசைப்படி பறந்தது.

உணவு திரும்பக் கிடைத்த மீட்புக் கட்டத்தில்தான் இன்னும் விநோதம். ஒருவர் விறகு பிளக்கும்போது கோடரியால் தன் கைவிரல் மூன்றை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்தேனா, தவறிப் பட்டதா என்று தனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்று மறுபடி மறுபடி சாப்பிட்டார்கள். சிலர் வயிற்றில் சதை போடுவதைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். ஆய்வின் முழு அறிக்கை 1950இல் இரண்டு தொகுதிகளாக வந்தது.

இவர்களில் ஒருவருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. கண்ணாடி முன் நின்று அழுதவர்களும் இல்லை. இருந்தும், இன்று உணவுக் கோளாறு என்று நாம் எழுதிவைக்கும் அறிகுறிகளில் பல அந்த மைதானத்துக்குக் கீழே, வெறும் பசியால் மட்டும், திடமான மனம் கொண்ட ஆண்களிடம் உண்டாயின. ஆகவே உங்கள் மகள் எரிந்து விழுவது, தோழிகளைத் தவிர்ப்பது, சமையல் காணொளிகளை மணிக்கணக்கில் பார்ப்பது, மற்றவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடாமல் இருப்பது (நீங்கள் எழுதவில்லை, ஆனால் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்) எல்லாவற்றையும் அவளுடைய குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பசி பேசுகிறது.

"மனச்சோர்வைச் சரிசெய்தால் சாப்பாடு தானாக வரும்" என்ற யோசனையோடு எனக்குள்ள தகராறும் இதுதான். பட்டினியால் வந்த சோர்வுக்கு மாத்திரை கொடுத்துப் பட்டினியை அப்படியே விட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. எடை குறைந்த நிலையில் மனச்சோர்வு மாத்திரைகள் பெரிதாக வேலை செய்வதில்லை என்பதைப் பல சோதனைகள் காட்டிவிட்டன. எடை மீண்ட பிறகாவது பயன்படுமா என்று 93 நோயாளிகளிடம் ஃபுளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்துப் பார்த்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் மேலாக இருக்கவில்லை. மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடுமையான பதற்றமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் மனநல மருத்துவர் மருந்து கொடுப்பார், கொடுக்கவும் வேண்டும். சோற்றின் இடத்தில் அதை வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் மினசோட்டாக் கதையை இத்தோடு நிறுத்தினால் அது அரைக் கதை. அந்த இளைஞர்கள் உணவு வந்ததும் பாய்ந்து சாப்பிட்டார்கள். உங்கள் மகள் முன் அம்மா நெய் ஊற்றிய பருப்புச் சாதத்தை வைத்தால் கண் கலங்குகிறாள், நடுங்குகிறாள். பசி ஒன்றே காரணமென்றால் இது நடக்காது. இங்கேதான் மனம் முந்திக்கொள்கிறது.

வால்டர் கேய் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் உணவுக் கோளாறு உள்ள 672 பேரை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பதற்ற நோய் இருந்திருக்கிறது. 41 சதவீதத்தினருக்கு, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளும் எண்ணச்சுழல் நோய் (ஓசிடி). 20 சதவீதத்தினருக்கு நாலு பேர் நடுவே போகவே அஞ்சும் சமூக அச்சம். இந்தப் பதற்றம் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது என்பதுதான் முக்கியமான செய்தி. அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்: எட்டு வயதில் நோட்டில் ஒரு கோடு கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு எழுதிய பெண்ணா? பரீட்சைக்கு முதல் நாள் தூங்காதவளா? பெரும்பாலும் "ஆமாம், ஆனால் அதைப் பொறுப்பு என்றுதானே நினைத்தோம்" என்ற பதில்தான் வரும்.

நமக்குச் சாப்பிடாவிட்டால் படபடப்பு வரும், சாப்பிட்டால் அடங்கும். இவர்களில் பலருக்கு இது தலைகீழ். சாப்பிட்டால் பதற்றம் ஏறுகிறது, சாப்பிடாதபோது ஒரு நிம்மதி கிடைக்கிறது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் செய்யத் தேவையான டிரிப்டோஃபான் உணவிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தற்காலிகமாகக் குறைத்தபோது இந்த நோயாளிகளின் பதற்றம் தணிந்தது என்பதும் கேய் குழுவின் இன்னொரு சோதனையில் தெரிந்தது. இதை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஆனால் "பட்டினி எப்படி இன்பமாக இருக்க முடியும்" என்று திகைக்கும் தாய்மார்களுக்கு இதைச் சொன்னால், மகளின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மரபணுக்கள் பக்கமும் வலுவான சான்று உண்டு. இரட்டையர் ஆய்வுகள் அனோரெக்சியாவில் பாதிக்கு மேல் பரம்பரைப் பங்கு இருப்பதாகக் கணக்கிட்டிருந்தன. 2019இல், நோயாளிகள் 16,992 பேரையும் நோயில்லாதவர்கள் 55,525 பேரையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் எட்டு இடங்களை அடையாளம் காட்டியது. எண்ணச்சுழல் நோய், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு மரபணு உறவு தெரிந்தது, அதை எதிர்பார்த்திருந்தார்கள். சர்க்கரையையும் கொழுப்பையும் உடல் கையாளும் விதத்தோடும், ஓயாமல் இயங்கும் இயல்போடும் உறவு தெரிந்தது, அதுதான் புதிது. இதற்குப் பிறகு இதை வெறும் மனநோய் என்று சொல்ல ஆய்வாளர்களே தயங்குகிறார்கள். மனமும் வளர்சிதை மாற்றமும் சேர்ந்து தடுமாறும் நோய் என்கிறார்கள். ஆக "மனநோயா, வயிற்று நோயா" என்ற உங்கள் கேள்வியில் அந்த "ஆ, ஆ" இரண்டையும் எடுத்துவிடலாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பிடிவாதம் என்ற பாட்டியின் வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2015இல் நியூயார்க் ஆய்வாளர்கள், நோயாளிகள் எதைச் சாப்பிடுவது என்று தேர்ந்தெடுக்கும் கணத்தில் மூளையைப் படமெடுத்தார்கள். பழக்கத்தால் நடக்கும் செயல்களோடு தொடர்புடைய மூளைப் பகுதி அவர்களிடம் அந்தத் தேர்வில் கூடுதலாக ஈடுபட்டிருந்தது. அதாவது, ஆரம்பத்தில் ஒரு முடிவாக இருந்தது நாளடைவில் பல் தேய்ப்பதுபோலத் தானாக ஓடத் தொடங்குகிறது. பிடிவாதக்காரர் பிடியை விட நினைத்தால் விடலாம். இவளால் முடியாது.

பெயர் விஷயத்தில் ஒரு சிறு புலம்பல். 1689இலேயே ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் உருகிப்போன இருவரைப் பற்றி எழுதிவைத்தார். ஒருவர் பெண், மற்றவர் பையன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆண்களுக்கு இது வராது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1873இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லசேக் இருவரும் தனித்தனியே விவரித்தார்கள். வில்லியம் கல் சூட்டிய அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் நிலைத்தது. "பசியின்மை" என்று அதற்குப் பொருள். தமிழிலும் அப்படியே பெயர்த்துவிட்டோம். தப்பான பெயர். அவர்களுக்குப் பசி இருக்கிறது, பயங்கரமாக இருக்கிறது. பசியின்மை என்று எழுதியதைப் பார்த்துப் பசியைத் தூண்டும் டானிக் வாங்கிக் கொடுத்து மாதங்களை வீணாக்கிய வீடுகள் உண்டு.

இன்னொரு உணவுக் கோளாறான புலிமியாவுக்கு வாய்த்த பெயர் நல்ல பெயர். கிரேக்கத்தில் "மாட்டுப் பசி" என்று பொருள். பழந்தமிழில் எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்கு "யானைத்தீ" என்று பெயர். மாடோ யானையோ, பெரிய விலங்கு ஒன்று வயிற்றுக்குள் புகுந்துகொண்டது போலிருக்கிறது என்று இரண்டு மொழிக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது. இந்நோயை 1979இல் தனியாகப் பிரித்துக் காட்டியவர் லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல். 30 நோயாளிகளை வைத்து அவர் எழுதிய கட்டுரைதான் தொடக்கம். கட்டுப்பாடிழந்து சாப்பிடுவார்கள், பிறகு குற்றவுணர்வில் அதை வெளியேற்றப் பார்ப்பார்கள். எடை சாதாரணமாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பல் மருத்துவர் பல்லின் மேற்பூச்சு கரைந்திருப்பதைப் பார்த்து முதலில் சந்தேகப்படுவதும் உண்டு. பொட்டாசியம் இறங்கி இதயம் தாளம் தப்புவதுதான் இதில் பெரிய அபாயம். மூன்றாவது வகை, வெளியேற்றாமல் கட்டுப்பாடிழந்து சாப்பிடும் கோளாறு. 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதற்குத் தனி இடம் கொடுத்தது. நம் வீடுகளில் அதற்குக் கொடுத்த பெயர் "தின்னிப்பண்டாரம்".

மற்ற மனநோய்களோடு இவை எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வில், வாழ்நாளில் அனோரெக்சியா வந்தவர்களில் 56 சதவீதத்தினருக்கும், கட்டுப்பாடிழந்து சாப்பிடும் கோளாறு உள்ளவர்களில் 79 சதவீதத்தினருக்கும், புலிமியா உள்ளவர்களில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் வேறு ஏதேனும் மனநலக் கோளாறும் இருந்தது. எலும்பும் தோலுமாக இருப்பவரைப் பார்த்துப் பதறுகிறோம்; எடை சரியாக இருக்கும் புலிமியாக்காரரின் மனப்பாரம் நம் கண்ணில் படுவதில்லை.

இனி நம் ஊர். "இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி, ஃபேஷன் பத்திரிகை பார்த்து வருவது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு ஆதரவாக ஃபிஜித் தீவு ஆய்வை எடுத்துக் காட்டலாம். அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவரும் மானுடவியலாளருமானவர் அந்த ஆண்டும் 1998இலும் பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டு மனப்போக்கு பற்றிய கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். சதைப்பிடிப்பான உடலையே அழகென்றும், நன்றாகச் சாப்பிடுவதையே மரியாதை என்றும் கொண்டிருந்த ஊர் அது. ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் மாணவிகள்தான், அதே பெண்களைத் தொடர்ந்து பார்த்ததும் இல்லை. இருந்தாலும் காட்சி ஊடகம் விதை போடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் காட்டிய படம் வேறு. அவர் பார்த்த 70 அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை, இறங்கவில்லை என்றார்கள். 1995இல் டெல்லியிலிருந்து வெளியான ஐந்து இளம்பெண்களின் விவரமும் இதே சாயல்: சாப்பிட மறுப்பு, வாந்தி, மெலிவு, மாதவிலக்கு நிற்றல், உடல்தோற்றம் பற்றிய கவலை மட்டும் இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வில் உணவுக் கோளாறு என்று பதிவானவற்றில் மிகுதியாக இருந்தது மனவழி வாந்தி, அனோரெக்சியா சிறுபான்மைதான். மதராஸ் ஆய்வாளர்கள் 1995இல் 210 மருத்துவ மாணவர்களைப் பரிசோதித்தபோது, முழு நோய் என்று சொல்ல முடியாத ஆனால் சாப்பாட்டை வைத்துத் தவிக்கும் ஒரு நிலையை 31 பேரிடம் கண்டார்கள். மேற்கத்திய அளவுகோல் நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று கண்டு, பிறகு தாங்களே ஒரு கேள்வித்தாளையும் உருவாக்கினார்கள். பெங்களூரில் மனநல மருத்துவர்கள் 66 பேரிடம் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது ஒரு நோயாளியையாவது பார்த்திருந்தார்கள்.

அதனால்தான் நம் பெண்கள் முதலில் போய் நிற்கும் வாசல் வயிற்று மருத்துவருடையது. "கேஸ்ட்ரிக்", "அல்சர்" என்று ஆரம்பித்து எண்டோஸ்கோப்பி வரை போய், எதுவும் இல்லை என்று வரும்போது ஆறு மாதம் கரைந்திருக்கும். இடையில் யாராவது மந்திரித்துக் கயிறும் கட்டியிருப்பார்கள். வயிறு உப்புகிறது என்று அவள் சொல்வது பொய்யும் இல்லை. பட்டினியில் இரைப்பை உண்மையிலேயே மெதுவாகத்தான் காலியாகிறது. "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை" என்பதை "உனக்கு ஒன்றுமில்லை" என்று மொழிபெயர்த்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு.

விரதத்தையும் கவனியுங்கள். சனிக்கிழமை, கிருத்திகை, ஏகாதசி என்று வீட்டில் யாரும் இருக்காத விரதங்களைப் பெண் மட்டும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால், பக்தி என்று மகிழ்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். விரதம் இருப்பவர் பாரணைக்கு, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடும் வேளைக்கு, காத்திருப்பார். நோய் உள்ளவர் பாரணையையும் தள்ளிப்போடுவார். இந்த ஒரு வேறுபாடு எனக்குப் பல முறை உதவியிருக்கிறது.

எவ்வளவு ஆபத்து என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கின்படி, அனோரெக்சியா உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதினரைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். மனநோய்களில் இவ்வளவு உயிர் வாங்குபவை குறைவு.

சரி, சிகிச்சை. இளம் வயதினருக்கு இன்று வலுவான சான்றுள்ள முறை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. அதன் அடிப்படையைக் கேட்டால் உங்கள் பாட்டி சிரிப்பார்: பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். எது, எவ்வளவு, எப்போது என்பதை அவர்களே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். "இது ஏன் வந்தது, யார் குற்றம்" என்ற விசாரணையே கிடையாது. உடல் தேறத் தேறப் பொறுப்பு மெல்ல மெல்ல அவள் கைக்குத் திரும்புகிறது. கடைசியில்தான் படிப்பு, நட்பு, வயதுக்குரிய மற்ற சிக்கல்கள். 121 இளம் நோயாளிகளிடம் இதைத் தனிநபர் ஆலோசனையோடு ஒப்பிட்டு 2010இல் முடிவு சொன்னார்கள். சிகிச்சை முடிந்த அன்று இரண்டுக்கும் வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முழுமையாகத் தேறியிருந்தவர்கள் குடும்பவழியில் 49 சதவீதம், மற்றதில் 23 சதவீதம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது நமக்குப் புதிதில்லை. நமக்குப் புதிது, திட்டாமல் உட்காருவது. "ஊரில் எத்தனை பிள்ளைகள் சோறில்லாமல் இருக்கின்றன" என்ற வசனம், "உன்னால் அம்மாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது" என்ற வசனம், தேறி வரும்போது "இப்போதுதான் கன்னம் உப்பி அழகாக இருக்கிறாய்" என்ற பாராட்டு, மூன்றையும் வீட்டில் தடை செய்யுங்கள். மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கும். அவள் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றுதான் அது விழும். "கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும், நான் இங்கேயே இருக்கிறேன், அடுத்த வாய்" என்பது போதும். அக்காவும் மாமாவும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒருவர் கண்டித்து மற்றவர் இரங்கினால் நோய் அந்த இடைவெளியில் கூடு கட்டிக்கொள்ளும்.

ஆனால் நாளைக் காலையே தட்டு நிறையப் போட்டு ஆரம்பித்துவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் உணவு சட்டென்று கூடினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடக்கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான போர்க்கைதிகளிடம் மருத்துவர்கள் இதைக் கண்டு அதிர்ந்தார்கள். முதல் பரிசோதனை, முதல் வாரங்களின் அளவு இரண்டும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவசரப்படுத்தியது இதற்காகத்தான். தேவைப்பட்டால் சில நாள் மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

புலிமியாவாக இருந்தால் வழி வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவில் ஃபுளூவாக்ஸெட்டினும் அங்கே பயன்படுகிறது. அதே மருந்து ஒரு நோயில் பலிக்கிறது, பக்கத்து நோயில் பலிக்கவில்லை. நீங்கள் விவரிப்பது அனோரெக்சியாவைப் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் வெளியேற்றும் பழக்கமும் உண்டா என்பதை மருத்துவர் அவளிடம் தனியாகக் கேட்கட்டும். வீட்டார் குளியலறைக் கதவில் காது வைத்துத் துப்பறிய வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். பாஸ்டனில் இருநூற்றுச் சொச்சம் பெண்களை இருபதாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். அனோரெக்சியாவிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வாக்கில் மீண்டவர்கள் 31 சதவீதம். 22ஆம் ஆண்டு வாக்கில் 63 சதவீதம். ஒன்பது ஆண்டில் மீளாதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் பிறகு மீண்டார்கள். சிகிச்சை தேடி வந்த வயது வந்தவர்கள் உள்ள கூட்டம் அது. 17 வயதில், ஓராண்டுக்குள் பிடித்துவிட்ட உங்கள் பெண்ணின் நிலை அதைவிட மேலானது. பட்டினியில் மூளையின் மேலடுக்கான புறணி மெலிவது படங்களில் தெரிகிறது, உண்மைதான். ஆனால் 2022இல் பல நாட்டுப் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, எடை ஓரளவு மீண்டவர்களிடம் அந்த மெலிவு வெகுவாகக் குறைவாக இருந்தது.

பிளஸ் டூ பரீட்சை பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அக்கா கேட்பார். சாப்பாடு தேறும்வரை டியூஷனை நிறுத்துவதா என்றால், நிறுத்துங்கள். விளையாட்டு வகுப்பையும் நிறுத்துங்கள். மருத்துவர் சான்றிதழ் தருவார். உங்கள் ஊரில் மனநல மருத்துவர் இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். எங்கே போவது என்று தெரியாத இரவுகளுக்கு, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மருத்துவரிடம் போகும்போது அந்த எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியையும், எந்தெந்த உணவு எந்த மாதத்தில் தட்டிலிருந்து மறைந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். முதலில் எண்ணெய்ப் பலகாரம், பிறகு இனிப்பு, பிறகு தயிர், பிறகு சோறு என்று அந்தப் பட்டியல் இறங்கி வந்திருக்கும்.